டிரம் ஹெட்டில் அச்சிட்ட பிராண்டு லோகோவைச் சேதமின்றி அகற்றுவது எப்படி?

டிரம் செட்டில் காலால் இயக்கி அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் முன்பக்க ஹெட்டில் (டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டும் முகத்தில்) தயாரிப்பாளரின் பெயர் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அந்த இடத்தில் தங்கள் இசைக்குழுவின் பெயரை எழுத விரும்புவோரும், படப்பிடிப்புக்காக வணிகப் பெயர் எதுவும் தெரியாத டிரம் தேவைப்படுவோரும் முதலில் கேட்கும் கேள்வி, ‘எதைப் போட்டுத் துடைத்தால் இது போகும்?’ என்பதுதான். அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மை எதன்மேல் படிந்திருக்கிறது? வழவழப்பான ஒரு ஹெட்டிலிருந்து லோகோவைத் துடைத்துச் சுத்தமாக எடுத்துவிடும் அதே திரவம், பூச்சுள்ள இன்னொரு ஹெட்டில் லோகோவோடு பூச்சையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிப்பது திரவத்தின் வீரியத்தைவிட ஹெட்டின் மேற்பரப்புத்தான் என்பதால், இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டிரம் செட்டுகளில் 1950-களின் நடுப்பகுதிவரை கன்றுத்தோலே இழுத்துக் கட்டப்பட்டது. டூபாண்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் விற்ற பாலியெஸ்டர் படலத்தைக் கொண்டு எவான்ஸ் 1956-லும், ரெமோ 1957-லும் ஹெட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு தோலின் இடத்தைப் படலம் பிடித்துக்கொண்டது. தோல் மையை உறிஞ்சி நார்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆகவே தோலில் பதிந்த எழுத்தைத் தோலைக் கெடுக்காமல் எடுக்க முடியாது. பாலியெஸ்டர் படலம் அப்படி உறிஞ்சுவதில்லை. மை அதன் மேற்புறத்தில் மெல்லிய தோடாகப் படிந்து நிற்கிறது. நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான். மிருதங்கம், தவில் போன்றவற்றின் தோல் முகங்களில் இந்த முறையை எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள். பைபர் பறையில் பொருத்தப்படும் வழவழப்பான பாலியெஸ்டர் முகத்தில் நிறுவனப் பெயர் அச்சாகியிருந்தால், கீழே சொல்லும் வழி அதற்கும் பொருந்தும்.

முதல் படி: ஹெட்டின் வகையை அறிதல்

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதன்மேல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் வழுக்கினால் அது பூச்சில்லாத படலம். ஒளி ஊடுருவும் கிளியர் ஹெட், வழவழப்பான வெள்ளை ஹெட், எபனி என்று அழைக்கப்படும் கறுப்பு ஹெட் ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. வெள்ளையும் கறுப்பும் பெரும்பாலும் படலத்துக்குள்ளேயே கலந்த நிறங்கள் என்பதால், மேலே உள்ள மையைத் துடைக்கும்போது நிறம் கூடவே வருவதில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்த வகையில் மட்டும் கைவைப்பது நல்லது.

விரலில் நெருநெருவென்று மெல்லிய சொரசொரப்பு தட்டினால் அது கோட்டட் ஹெட். அடிமுகத்தில் கம்பிச் சுருள்கள் கட்டிய ஸ்னேர் டிரம்மின் மேல்முகத்தில், மெல்லிய கம்பிக் கற்றையான பிரஷ்ஷை வைத்துச் சுழற்றும்போது எழும் சரசரப்பு அந்தப் பூச்சினால்தான் உண்டாகிறது. இவற்றில் லோகோ பூச்சின்மேல் அச்சாகியிருக்கும். மையைக் கரைப்பது எதுவோ அது பூச்சையும் பெரும்பாலும் இளக்கிவிடும். தோலின் தோற்றத்தைத் தருவதற்காக நார்த்தாள் ஒட்டிய ஃபைபர்ஸ்கின் போன்ற ஹெட்டுகளில் திரவம் நாருக்குள் ஊறிப் பரவிக் கறையாகவே நின்றுவிடும் என்பதால், அவற்றை அப்படியே விட்டுவிடுவதே சரி.

அடுத்து, அறை விளக்கை ஹெட்டின்மேல் சாய்வாக விழச் செய்து, கண்ணை ஏறக்குறைய படலத்தின் மட்டத்துக்கே தாழ்த்திப் பாருங்கள். மேற்புறத்தில் அச்சாகிய எழுத்தின் விளிம்பு அந்தச் சாய்ந்த ஒளியில் ஒரு மெல்லிய படிபோலத் தெரியும்; நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படவும் செய்யும். விளிம்பு கொஞ்சமும் தெரியாமல், நகமும் வழுக்கிக்கொண்டே போனால், மறுபுறத்தையும் இதேபோல் சோதியுங்கள். எம்பரர், ஜி2 போன்ற ஈரடுக்கு ஹெட்டுகளில் ஏதேனும் அடையாளம் இரண்டு படலங்களுக்கு நடுவில் இருந்தால் அதை யாராலும் எடுக்க முடியாது. பின்ஸ்ட்ரைப் ஹெட்டின் ஓரத்தில் தெரியும் வளையம் அப்படி இடையில் இருப்பதுதான். அது அதிர்வைக் கட்டுப்படுத்துவதற்காக வைக்கப்பட்டது என்பதால் அதைத் துடைக்க முயல்வதில் பொருளில்லை. நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிய ஹெட்டாக இருந்தால், திரவம் பொட்டின் விளிம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

சில முன்பக்க ஹெட்டுகளில் லோகோ அச்சாக இல்லாமல் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். அதற்குத் திரவமே வேண்டாம். ஹேர் டிரையரின் மிதமான சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டி, மூலையை நகத்தால் கிளப்பி, படலத்தோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இழுத்தால் உரிந்து வரும். மிச்சமிருக்கும் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்துவிட்டு, சோப்பு நீரால் துடையுங்கள்.

இரண்டாம் படி: பொருள்களும் பாதுகாப்பும்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கலப்பில்லாத அசிட்டோன், சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி, காது குடையும் பஞ்சுக்குச்சி, பாத்திரம் தேய்க்கும் மிதமான திரவ சோப்பு, டிரம்மின் திருகுகளைத் திருப்பும் சாவியான டிரம் கீ ஆகியவை போதும். நெயில் பாலிஷ் ரிமூவரை வாங்குவதாக இருந்தால் சீட்டைப் படித்துப் பாருங்கள்: பலவற்றில் அசிட்டோனே இருப்பதில்லை, இருப்பவற்றிலும் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் படலத்தில் பிசுக்கு தங்கும். பெயின்ட் கடைத் தின்னர் பல கரைப்பான்களின் கலவை. ஒவ்வொரு டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை விலையுள்ள ஹெட்டில் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா வகைகள் பக்கமே போகாதீர்கள். அசிட்டோன் சிறிது நேரம் பட்டால் தாங்கிக்கொள்ளும் பாலியெஸ்டர், கடுங்காரம் பட்டால் வேதியியல் ரீதியாகவே சிதையும். பிளேடு, ஸ்டீல் நார், தேய்ப்புப் பொடி மூன்றும் கூடாது. இழுத்துக் கட்டிய படலத்தில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்தாலும் இழுவிசை அந்த இடத்தில் குவிந்து, பின்னொரு நாள் அடிக்கும்போது அங்கிருந்தே கிழியத் தொடங்கும்.

ஆல்கஹால், அசிட்டோன் ஆகிய இந்த இரண்டு திரவங்களும் எளிதில் தீப்பற்றுபவை. அசிட்டோனின் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அது ஏறத்தாழ 12 டிகிரி. நம் ஊர் வெயிலில் இரண்டும் எப்போதும் அந்த எல்லையைத் தாண்டியே இருக்கின்றன. ஆகவே விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியாத, சன்னல்கள் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள், சிகரெட்டும் கூடாது. கையுறை அணியுங்கள். மெல்லிய ரப்பர் உறைகள் அசிட்டோனை நீண்ட நேரம் தாங்குவதில்லை என்பதால், இடையிடையே மாற்றிக்கொள்ள வேண்டும். நனைந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிட்டுப் பின் எறியுங்கள்.

மூன்றாம் படி: ஹெட்டைக் கழற்றுதல்

ஹெட் டிரம்மில் இருக்கும்போதே துடைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். டிரம்மின் உருளை உடலான ஷெல்லின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையும், ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையமான ஹூப்பின் வார்னிஷும், ஒரு சொட்டு அசிட்டோன் வழிந்தால் போதும், மங்கிப் பொங்கிவிடும். லட்விக் விஸ்டலைட் போன்ற அக்ரிலிக் ஷெல்களுக்கு ஆல்கஹாலே ஆபத்து: நுண்ணிய வெடிப்புகள் விழும். டிரம் கீயால் ஒரு ராடை (ஹூப்பை இறுக்கும் நீண்ட திருகை) அரைச்சுற்று தளர்த்தி, அதற்கு நேர் எதிரிலுள்ளதைத் தளர்த்தி, இப்படிக் குறுக்கும் மறுக்குமாகவே எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றிய ஹெட்டை ஒரு சுத்தமான போர்வையின்மேல் அச்சு மேலே தெரியும்படி வையுங்கள். 22 அங்குல ஹெட்டின் நடுவில் கையை அழுத்தினால் படலம் குழியும் என்பதால், அடியில் மடித்த துணியைத் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சோப்பு நீரால் தூசியையும் கைப்பிசுக்கையும் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். தூசியோடு தேய்த்தால் அந்தத் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும்.

நான்காம் படி: ஓரத்தில் சோதனை

ஹூப்புக்கு அடியில் மறையும் ஓரப்பகுதியில் பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு ஆல்கஹாலைத் தடவி உலரவிட்டுப் பாருங்கள். பளபளப்பு மங்கவில்லை, பிசுபிசுப்பு இல்லை என்றால் அசிட்டோனையும் அப்படியே சோதியுங்கள். அலுமினிய வளையத்துக்குள் படலத்தைப் பிடித்திருக்கும் பிசினை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அடுத்து, லோகோவிலேயே மிகச் சிறிய பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் பதிவுக் குறி இதற்கு ஏற்றது. அங்கே ஏதாவது தவறினாலும் கண்ணை உறுத்தாது.

ஐந்தாம் படி: மையை எடுத்தல்

ஆல்கஹாலில் தொடங்குங்கள். துணியை விரலில் சுற்றி, சொட்டாத அளவுக்கு நனைத்து, ஓர் எழுத்தின்மேல் பத்துப் பதினைந்து நொடிகள் தேய்க்காமல் அழுத்தி வையுங்கள். பிறகு விளிம்பிலிருந்து எழுத்தின் நடுவை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். துணியில் நிறம் ஏறினால் ஆல்கஹாலே போதும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் துணி வெள்ளையாகவே இருந்தால் அசிட்டோனுக்கு மாறுங்கள்.

அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம் என்பதால், எழுத்தை இளக்குவதற்குள் துணியிலிருந்து பறந்துவிடப் பார்க்கும். மின்விசிறிக் காற்று நேராக ஹெட்டின்மேல் படாமல் இருக்கட்டும். முழு லோகோவையும் ஒரே மூச்சில் துடைக்க நினைக்காமல் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணியை வைத்துச் சில நொடிகளில் மையின் பளபளப்பு குறைந்து, விளிம்பு சுருங்கினாற்போல் தெரியும். அதுதான் இழுக்க வேண்டிய தருணம். முந்தினால் மை அசையாது. பிந்தினால் கரைந்த மை மறுபடி உலர்ந்து, முன்பைவிடப் பரவலாக, சாம்பல் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதிய பகுதியைத் திருப்புங்கள். கறுப்பு ஹெட்டில் வெள்ளை மையை எடுப்பவர்கள் இதில் சிறிதும் சோம்பக் கூடாது, ஏனெனில் அழுக்கான துணி ஒரு தடவை பட்டாலே வெண்மூட்டம் பரவும். திரவத்தை நேராக ஹெட்டின்மேல் ஊற்றாதீர்கள்; அது தேங்கி ஓரத்தை நோக்கி ஓடி, நாம் தொடக்கூடாது என்று சொன்ன பிசினைப் போய்ச் சேரும்.

எல்லா எழுத்தும் போன பிறகு ஆல்கஹால் தொட்ட புதுத் துணியால் ஒருமுறையும், சோப்பு நீரால் ஒருமுறையும் முழுப் பரப்பையும் துடையுங்கள். ஆல்கஹாலுக்கும் அசிட்டோனுக்கும் அசையாத லோகோவும் உண்டு. ஒளியூட்டி இறுக வைத்த மைகள் அப்படிப்பட்டவை. அவற்றோடு மல்லுக்கு நின்று படலத்தைக் கெடுப்பதைவிட, அதே நிறத்து வினைல் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டி மறைத்துவிடுவது மேல். முன்பக்க ஹெட்டில் யாரும் அடிப்பதில்லை என்பதால் ஸ்டிக்கர் நெடுநாள் நிற்கும். ஒலியில் ஏற்படும் மாற்றமும் மிகக் குறைவு.

நிழலாகத் தெரியும் எழுத்து

மை முழுவதும் போன பிறகும் ஒரு கோணத்தில் பார்த்தால் எழுத்தின் வடிவம் மங்கலாகத் தெரிவதுண்டு. காரணத்தைப் பொறுத்தே மருந்து. நுண்ணிய கீறல்களுக்குள் மை மிச்சமிருந்தால் பஞ்சுக்குச்சியால் இன்னும் ஒரு சுற்று அசிட்டோன் அதை எடுத்துவிடும். மை இருந்த இடம் வெயிலும் புகையும் படாமல் வெண்மையாக இருந்து, சுற்றிலும் ஹெட் பழுப்பேறியிருந்தால் துடைப்பதால் பயனில்லை. பழைய வெள்ளை ஹெட்டுகளில் இதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்த்தால் போகும் என்று பலரும் சொல்வார்கள். அது மிக மெல்லிய உப்புத்தாளைப்போல் வேலை செய்வது; பளபளப்பான கிளியர் ஹெட்டிலும் கறுப்பு ஹெட்டிலும் எழுத்தின் நிழலுக்குப் பதிலாக மங்கிய திட்டு ஒன்றை உண்டாக்கிவிடும்.

அந்த ஸ்பாஞ்சு பயன்படக்கூடிய ஒரே இடம் கோட்டட் ஹெட்தான். அங்கே கரைப்பான் கூடாது என்பதால், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால், எடையே கொடுக்காமல், மை மங்கும்வரை மட்டும் வட்டமாகத் தேய்க்கலாம். பூச்சு கொஞ்சம் தேயும். அந்த இடம் வழவழப்பாகிவிடும். பிரஷ் வாசிப்பவர்கள் ஸ்னேர் மேல்முகத்தில் இதைச் செய்யவே வேண்டாம். டாம் டிரம்களில் குச்சியால் மட்டும் வாசிப்பவர்களுக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியாது.

ஆறாம் படி: மறுபடி பொருத்துதல்

ஈரம் முழுவதும் காய்ந்து, மூக்கருகே வைத்தாலும் வாசனை வராத நிலையில்தான் ஹெட்டை ஷெல்லின்மேல் வையுங்கள். எல்லா ராடுகளையும் முதலில் விரலாலேயே இறுகும்வரை திருகி, பிறகு டிரம் கீயால் எதிரெதிராகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்றுங்கள். கிக் டிரம்மின் முன்பக்கத்துக்குப் பெரிய இறுக்கம் தேவையில்லை. சுருக்கங்கள் மறைந்து, ஒவ்வொரு ராடின் அருகிலும் தட்டும்போது ஒரே சுருதி வந்தால் போதும்.

புதிய பெயரை எழுதுவதாக இருந்தால், ஹெட்டை இறுக்கிய பிறகு எழுதுங்கள். தளர்ந்திருக்கும் படலத்தில் எழுதினால், இறுக்கும்போது பெயின்ட் நுணுக்கமாக வெடிக்கும். வினைல் எழுத்துகளானால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் காற்றுக் குமிழிகளைத் தள்ளியபடி ஒட்டுங்கள். மைக் நுழைக்கும் துளை இருக்கும் ஹெட்டில், எழுத்தின் முனை துளையின் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் மைக்கை எடுத்து வைக்கும்போதெல்லாம் கை பட்டு அந்த முனைதான் முதலில் உரியும்.