துக்க வீட்டில் செபம் நடத்துவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு) பொறுப்பு எடுத்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் இந்த போன் வரும். "பெரியவர் போயிட்டார். சாமியார் சாயங்காலம்தான் வர முடியுமாம். நீங்க வந்து செபத்தை ஆரம்பிச்சு வைங்க." நம் தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பகுதி) 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் இதற்குள் அடக்கம். ஒரே பங்குத்தந்தை பல கிளைக் கிராமங்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில், சாவு வீட்டின் முதல் சில மணி நேரம் நம்மைப் போன்ற பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) கையில்தான் இருக்கும். அந்த நேரத்துக்கான விளக்கம் இது. செபமாலை சொல்லவும் விவிலியத்தில் அதிகாரம் தேடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்

முதலில் பங்குத்தந்தைக்கு போன் செய்து, அடக்கம் எத்தனை மணிக்கு, திருப்பலி உண்டா என்று கேட்டுவிடுங்கள். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் ஞாயிறு வரையிலும், திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), தவக்காலம், பாஸ்கா காலம் (ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்கள்) ஆகியவற்றின் ஞாயிறுகளிலும் அடக்கத் திருப்பலி கிடையாது. திருப்பலி இல்லாத அடக்கச் சடங்கு நடக்கும். இதை வீட்டாருக்கு முன்பே பக்குவமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "எங்க அப்பாவுக்கு மட்டும் பூசை இல்லையா?" என்று கடைசி நேரத்தில் உடைந்துபோவார்கள்.

பிறகு, இறந்தவரின் பெயர். நம் ஊர்களில் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று. இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அந்தோணியம்மாள்" என்று நீங்கள் செபிக்கும்போது, அவரைப் "பாப்பாத்தி" என்றே அறிந்த பேரப்பிள்ளைகள் யாருக்கோ நடக்கும் செபத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கையில் அச்சுப் புத்தகம் இருக்கட்டும். செபங்களைப் பெரிய எழுத்தில் தாளில் அச்செடுத்து, பத்துப் பிரதிகளாவது பையில் வைத்திருங்கள். போனைப் பார்த்து வாசிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நடுவில் அழைப்பு வரும், திரை அணையும், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பதாகத் தோன்றும். சாமியானாவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்காகச் சின்ன பேட்டரி ஸ்பீக்கர் இருந்தால் போதும். குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

2. உள்ளே போனதும் உட்காருங்கள்

போன உடனே சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் மூவர் அவரைப் பார்க்க வந்தபோது, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அந்த நண்பர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகு அவர்கள் பேசியது எல்லாமே யோபுவைக் காயப்படுத்தியது, கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டார்.

இங்கே ஒப்பாரியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலைமுட்டி அழுதுகொண்டிருப்பார்கள். ஒரு பாட்டி இறந்தவரின் வாழ்க்கையை வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்: எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், எந்தப் பஞ்சத்தில் ராகிக் கூழுக்கு அலைந்தாள், எந்தப் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாள் என்று. அந்த நேரம் பார்த்துச் செபம் நடத்துகிறவர், "எல்லாரும் அழுகையை நிறுத்துங்க, செபமாலை ஆரம்பிக்கப்போறோம்" என்று மைக்கில் சொல்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒப்பாரி கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்றே சிலர் நினைக்கிறார்கள்.

விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. எருசலேம் அழிந்ததற்கு வைத்த ஒப்பாரிதான் புலம்பல் நூலின் ஐந்து அதிகாரங்களும். புலம்பல் பாடும் பெண்களை அழைத்து வரும்படி எரேமியா வழியாக ஆண்டவரே சொல்கிறார் (எரேமியா 9:17). சவுலும் யோனத்தானும் செத்தபோது தாவீது பாடியதும் (2 சாமுவேல் 1) ஒப்பாரிதான். ஆகவே காத்திருங்கள். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும் இடம் ஒன்று வரும். அப்போது அவர் பக்கத்தில் குனிந்து, "பெரியம்மா, செபம் சொல்லலாமா?" என்று கேளுங்கள். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு செபமாலையைக் கையில் எடுப்பார்.

3. செபமாலை

எந்தக் கிழமையாக இருந்தாலும் துக்க மறையுண்மைகளே (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் பகுதி) சொல்லுங்கள். ஒவ்வொரு பத்து மணியும் முடிந்ததும், "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர் மேல் ஒளிர்வதாக" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் உறவினர்கள் வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு பத்து மணியை அவர் மொழியிலேயே சொல்லக் கொடுங்கள். பெங்களூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேர இரவாகும் என்றால், முழுச் செபமாலையையும் ஒரே மூச்சில் முடிக்காமல் அவர்கள் வந்ததும் சொல்ல ஒரு பகுதியை மீதி வைப்பது நல்லது.

4. வாசகம்

திருப்பாடல் 130, அப்புறம் யோவான் 11:17 முதல் 36 வரை. புதிதாக நடத்துகிறவர்களுக்கு இவை இரண்டும் போதும். திருப்பாடல் 23 எல்லாருக்கும் பிடிக்கும், அதைப் பாட்டாகப் பாடிக்கொள்ளலாம். திடீர்ச் சாவு என்றால் திருப்பாடல் 88ஐ எடுக்கத் தயங்காதீர்கள். இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற பாடல் அது. அதுவும் கடவுளுடைய வார்த்தைதான்.

5. ஆறுதல் சொல்

முதல்முறை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். வாசகம் முடிந்ததும் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில், கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியங்கள் தானாக வந்து விழும். "கடவுளுக்குப் பிடிச்சவங்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." "எல்லாம் நன்மைக்கே." "அழாதீங்க, அழுதா ஆன்மா நிம்மதியா போகாது."

கடைசி வாக்கியத்தை என் அப்பா இறந்தபோது ஒரு பெரியவர் என் அம்மாவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அடக்கம் முடியும் வரை அப்படியே இருந்தார். அழுதால் ஆன்மா இளைப்பாறாது என்று திருச்சபை எங்கேயும் போதிக்கவில்லை. யாரோ எங்கோ சொன்னது செபத்தோடு சேர்ந்து புழங்கிவிட்டது, அவ்வளவுதான்.

லாசர் இறந்தபோது இயேசு என்ன செய்தார் என்று கவனியுங்கள். மார்த்தா அவரிடம், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்கிறார். பிறகு மரியா வந்து அதே வாக்கியத்தைச் சொல்லிக் காலில் விழுகிறார். மார்த்தாவுக்கு இயேசு "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்று பதில் சொன்னார். மரியாவுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. அவர் அழுவதைக் கண்டார், உள்ளம் கலங்கினார், கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே அழுதார். உயிர்ப்பில் நம்பிக்கை இருக்கிறவர் அழக்கூடாது என்றால், உயிர்ப்பே தாமாக இருப்பவர் ஏன் அழுதார்? நம்பிக்கை அற்றவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்று பவுல் எழுதினார் (1 தெசலோனிக்கர் 4:13), துயரப்படவே கூடாது என்று எழுதவில்லை. "அழுவாரோடு அழுங்கள்" என்று உரோமையருக்கு எழுதியவரும் அவரேதான்.

எனவே உங்கள் பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இறந்தவரைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்குங்கள்: இத்தனை வருடம் கோயில் மணி அடித்தவர், மாந்தோப்புக் காவலுக்குப் போய்ப் பெண்ணைப் படிக்கவைத்தவர் என்று. அடுத்து, இயேசு அழுத இடத்தைச் சொல்லுங்கள். முடிவில் நம் நம்பிக்கையை நேராகச் சொல்லுங்கள்: இவர் உயிர்த்தெழுவார் என்று நம்புகிறோம், இவருக்காக மன்றாடுகிறோம். ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்குள் போகவே போகாதீர்கள். அதற்குப் பதில் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

தனியாக யாராவது கையைப் பிடித்துக்கொண்டால், "என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. நல்லா அழுங்க. நாங்க இங்கதான் இருக்கோம்" என்பது போதும். சொன்னபடி அங்கேயே இருக்கவும் வேண்டும்.

6. எடுக்கும் நேரம்

குருவானவர் வந்ததும் உங்கள் வேலை பெரும்பாலும் முடிந்தது. கோயில், கல்லறை மந்திரிப்பு (ஆசீர்வதித்தல்), மண் போடுதல் எல்லாம் அவர் நடத்துவார். பெட்டியை மூடும் முன் வீட்டாருக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பாட்டு எதுவும் வேண்டாம்.

7. கூட்டம் கலைந்த பிறகு

மோசேக்காக இஸ்ரயேல் மக்கள் 30 நாள் துக்கம் காத்தார்கள் (இணைச்சட்டம் 34:8). நம் வழக்கத்தில் முப்பதாம் நாள் பூசை இருக்கிறது, ஆனால் மூன்றாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவில் அந்த வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. அன்பியத்தில் முறைவைத்துப் போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமங்களில் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்). பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம். கணவனை இழந்த ஒரு பெண்ணோடு அங்கே போய் வரிசையில் நிற்பதும் இரக்கச் செயல்தான். என்னைக் கேட்டால் நாம் செய்யும் மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் முன்னால் வைப்பேன்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

நயீன் ஊரில் மகனை இழந்த கைம்பெண்ணிடம் இயேசுவே "அழாதீர்" என்றாரே என்று ஒருவர் கேட்டிருந்தார் (லூக்கா 7:13). நல்ல கேள்வி. அந்த வசனத்திலேயே, அவர் முதலில் பரிவு கொண்டார் என்று இருக்கிறது. அடுத்த நிமிடம் மகனை உயிரோடு அவள் கையில் கொடுத்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவர் சொல்லலாம். நாம் சொல்லக்கூடாது.

தற்கொலை செய்துகொண்டவர் வீட்டில் செபிக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். தாராளமாக. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மன உளைச்சல் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்று 1992இல் வந்த மறைக்கல்வி நூல் சொல்கிறது (எண் 2282, 2283). இதை அந்தத் தாயிடம் அதே நாளில் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். எப்படிச் செத்தார் என்று மட்டும் யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற சீர்திருத்தச் சபை உறவினர்கள் நிறைய இருந்தால்? இறந்தவர்களுக்காக மன்றாடுவது அவர்கள் வழக்கம் இல்லை. திருப்பாடலும் யோவான் 11ம் இருவருக்கும் பொது என்பதால் அவற்றை முதலில் வைத்து, வாசகத்தை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். செபமாலையைப் பிறகு சொல்லுங்கள், விரும்புகிறவர்கள் இருப்பார்கள்.

கடைசியாக, குழந்தை இறந்த வீடு. தன் பிள்ளைகளுக்காக அழும் ராகேல் ஆறுதல் பெற மறுத்தாள் என்று மத்தேயு 2:18இல் இருக்கிறது. அதை வாசித்து, திருப்பாடல் 130 சொல்லி, நித்திய இளைப்பாற்றிக்குப் பதிலாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஐந்தாவது படியில் சொன்ன பேச்சு அங்கே வேண்டாம்.