ஆன்லைன் திரைக்கதை வகுப்பில் முதன்முதலாகச் சேர்பவர்களுக்கு: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கையேடு

ஆன்லைன் திரைக்கதை வகுப்புக்குக் கட்டும் பணம் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான்: நீங்கள் எழுதிய பக்கத்தை விவரமறிந்த ஒருவர் படித்து, எங்கே தொய்கிறது என்று சொல்வது. மற்றதெல்லாம் யூடியூபில் சும்மாவே கிடைக்கும். ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒருவருக்கு மொத்தம் எத்தனை பக்கம் படித்துத் திருத்துவீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் அந்த வகுப்பு வேண்டாம். அடுத்தது, எத்தனை பேர் என்பது. 2 மணி நேர வகுப்பில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 3 நிமிடம். 12 பேர் என்றால் 10 நிமிடம். ஒரு காட்சியைப் படித்துப் பேச 10 நிமிடமாவது வேண்டும்.

எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். புனே திரைப்படக் கல்லூரியின் ஆன்லைன் குறுகியகாலப் பயிற்சிகள் பெரும்பாலும் இந்தி, ஆங்கிலத்தில் நடப்பவை. அடிப்படையைக் கற்க அவை போதும். ஆனால் தமிழ் வசனத்தைத் தமிழ் தெரிந்தவர்தான் திருத்த முடியும். முதல் வகுப்பு தமிழில் இருப்பதே நல்லது.

கருவிகள்

போனிலேயே வகுப்பைக் கவனிக்கலாம், எழுதுவதற்கு மட்டும் கணினி வேண்டும். வீடியோவோடு நடக்கும் வகுப்பு மணிக்கு 1 ஜிபி வரை இழுக்கும். தினம் 1.5 ஜிபி தரும் பேக் 2 மணி நேர வகுப்பின் கடைசியில், சரியாக உங்கள் காட்சியை எடுக்கும்போது, தீர்ந்துபோகும். உங்கள் முறை வரும்வரை கேமராவை அணைத்து வையுங்கள். ஆனி, ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது (ஒக்கிப் புயலுக்குப் பிறகு இதைக் குமரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை). பக்கங்களை வகுப்பு நாள் மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நீங்கள் திரையில் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கம் அங்கே இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. டிடிபி கடையில் கொடுத்து அடிப்பதானால் யூனிகோடில் கேளுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அனுப்புவது எப்போதும் பிடிஎஃப்.

மென்பொருளுக்காகச் செலவழிக்க அவசரம் இல்லை. இந்திய மொழிகளை மனதில் வைத்து இங்கேயே உருவான ஸ்கிரைட் (Scrite) என்ற திரைக்கதை மென்பொருளில் தமிழை நேரடியாக அடிக்கலாம், கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டன் (Fountain) என்ற, சில குறிகளைப் போட்டு வெறும் எழுத்தாகவே திரைக்கதை எழுதும் முறையில் எழுதினால் சாதாரண நோட்பேடே போதும். அதில் மட்டும் ஒரு சிக்கல். ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) இருக்கும் வரியைத்தான் அது பாத்திரத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? எனவே பெயருக்கு முன் @ குறியும், காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் போட வேண்டும். இல்லாவிட்டால் பெயரும் வசனமும் விவரணையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுபோவது

மூன்று கதைகள், ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்தில். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள் முடிக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாக:

"ஆனி மாத அடைமழையில் ரப்பர் வெட்டு நின்று கூலி இல்லாமல் இருக்கும் தாசன், வெள்ளிக்கிழமைக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் புரட்ட வேண்டும். கடன் கேட்கக்கூடிய ஒரே ஆள், பத்து வருடமாகப் பேசாத தம்பி."

பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்துவிடும், அதனால் மழை மறைப்புக் கட்டாத தோட்டத்தில் வெட்டு நடக்காது. குலசேகரத்தில் இது எல்லோருக்கும் தெரியும், சென்னையில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய விவரத்தைக் குறிப்பாக எழுதாமல் ஒரு காட்சியில் காட்டிவிடுங்கள்.

ஒரு சொல்லில் குழப்பம் வரும். இந்த இரண்டு வாக்கியத்தைச் சிலர் லாக்லைன் என்பார்கள், சிலர் ஒன்லைன் என்பார்கள். கோடம்பாக்கத்தில் காட்சிகளை வரிசையாக ஒவ்வொரு வரியில் எழுதுவதற்கும் ஒன்லைன் என்றே பெயர். "ஒன்லைன் அனுப்புங்க" என்றால் எது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முழுநீளப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 10 நிமிடக் குறும்படம், 8 முதல் 10 காட்சி. வகுப்பு முடியும்போது கையில் முடிந்த ஒன்று இருக்கும். இரண்டரை மணி நேரக் கதையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள்.

பக்கம் எப்படி இருக்க வேண்டும்

தாசனின் கதையிலிருந்தே ஒரு காட்சி. செல்வன்தான் அந்தத் தம்பி.

காட்சி 4
வெளி. செல்வனின் பலசரக்குக் கடை – மாலை

மழை. தாசன் கடையின் இறவாரத்தில் நிற்கிறார். குடையை மடக்கவில்லை. செல்வன் தலை நிமிராமல் சில்லறை எண்ணுகிறான்.

செல்வன்: என்ன வேணும்?

தாசன்: ஒரு கிலோ சீனி.

செல்வன் நிமிர்ந்து பார்க்கிறான். எழுந்து, இரண்டு கிலோ நிறுக்கிறான்.

தலைப்பில் உள்ளா வெளியா, இடம், நேரம். விவரணை நிகழ்காலத்தில், கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும். புதிதாக எழுதுபவர்கள் இந்த இடத்தில் "தாசனின் மனதில் பத்து வருடக் கசப்பு ஓடியது" என்று எழுதுவார்கள். அதைக் கேமரா எடுக்க முடியாது. மடக்காத குடையை எடுக்க முடியும். "குளோசப்", "டிராலி" என்றெல்லாம் எழுதுவதும் வேண்டாம், அது இயக்குநரின் வேலை. இன்னொன்று, கடன் கேட்க வந்தவர் கடனைப் பற்றி வாயே திறக்கவில்லை. வந்த காரணத்தை முதல் வரியிலேயே பாத்திரம் சொல்லிவிட்டால் காட்சி அங்கேயே முடிந்துபோகும்.

நேரத்தைக் கவனமாக எழுதுங்கள். கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதும் கடலில், மறைவதும் கடலில். "கடற்கரை – பகல்" என்று எழுதினால் படப்பிடிப்புக் குழு எந்த நேரத்தில் வந்து நிற்பது?

இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதும் வழக்கமும் உண்டு. வகுப்பில் எதைச் சொல்கிறார்களோ அதையே பின்பற்றுங்கள். ஆனால் "ஒரு பக்கம் ஒரு நிமிடம்" என்ற கணக்கைத் தமிழில் நம்ப வேண்டாம். அது கூரியர் என்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடிக்கும் ஆங்கிலத்துக்கான கணக்கு. கூரியரில் தமிழ் எழுத்தே இல்லை, மென்பொருள் வேறு எழுத்துருவை மாற்றிப் போடும். நம் சொற்களும் நீளம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இடைவெளிகளோடு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்தக் கணக்குதான் சரியாக வரும்.

வசனத்தில் நம் பேச்சு

குமரிப் பேச்சு ஒன்றல்ல. தோவாளை, அகத்தீஸ்வரம் பக்கம் நெல்லைச் சாயல். விளவங்கோட்டில் மலையாளம் கலக்கும். முட்டம், குளச்சல் கடற்கரைப் பேச்சு தனி. தாசன் குலசேகரத்துக்காரர் என்றால் கடைசிவரை அவர் அந்த ஊர்க்காரராகவே பேச வேண்டும். விவரணை பொதுத் தமிழில் இருக்கட்டும், வசனம் மட்டும் வட்டார வழக்கில். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து அதையே எல்லாக் காட்சியிலும் வையுங்கள். "பைய வா" (மெதுவாக வா) என்று எழுதினால் வெளியூர்க்காரர் அதைப் "பையா, வா" என்று படித்துவிடுவார். அப்படிப்பட்ட நாலைந்து சொற்களுக்கு முதல் பக்கத்தில் பொருள் கொடுத்தால் போதும்.

திருடிவிடுவார்களோ என்ற பயம்

எல்லோருக்கும் வரும். கதைக் கருவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதியலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்; விண்ணப்பித்த பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். முழுத் திரைக்கதையைத் தயாரிப்பாளரிடம் கொடுக்கும்போது இதைச் செய்யுங்கள். வகுப்புப் பயிற்சிக்கு 500 ரூபாய் வீண். தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப்களை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

குறை சொல்லும்போது

உங்கள் காட்சியைப் பேசும்போது மைக்கை அணைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நான் நினைச்சது என்னன்னா" என்று தொடங்காதீர்கள். படம் ஓடும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விளக்க முடியாது. ஒருவர் சொல்வது அவருடைய ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு பெரும்பாலும் சரியாக இருக்காது, பழுதும் பல நேரம் தடுக்கிய காட்சியில் இருக்காது. "தாசன் ஏன் சீனி கேட்கிறார்?" என்று மூவர் கேட்டு, ஒரு வசனம் சேர்க்கச் சொல்லலாம். காட்சி 4-ஐத் தொட வேண்டாம். காட்சி 2-இல் மகள் கட்டங்காப்பியை (பால் சேர்க்காத காப்பி) நீட்டி, தாசன் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காலி சீனி டப்பாவைப் பார்த்தால் போதும்.