மகளின் மார்பில் கட்டி: பயத்தில் செய்துவிடும் தவறுகள்

ஒன்பது, பத்து வயதுப் பெண் குழந்தை. துணி மாற்றும்போது "அம்மா, இங்கே வலிக்குது" என்கிறாள். தொட்டுப் பார்த்தால் காம்புக்கு நேர் கீழே, பட்டன் அளவில் கெட்டியாக ஏதோ இருக்கிறது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் இருந்திருந்தால் அம்மாவின் மனம் ஓரளவு சமாதானமாகியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வயதில் அது பெரும்பாலும் நோய்க்கட்டியே அல்ல. மார்பு வளரத் தொடங்குவதன் முதல் அடையாளம், மார்பு மொட்டு. 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தெரியும். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வருவது சாதாரணம். தொட்டால் வலிப்பதும் சாதாரணம்தான். 8 வயதுக்கு முன்பே தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுகூடப் புற்றுநோய் பயத்தால் அல்ல, பருவமாற்றம் சீக்கிரமே தொடங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக.

இங்கே செய்யக்கூடிய ஆகப்பெரிய தவறு, "எதற்கும் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று அந்த மொட்டில் கத்தி வைப்பது. பின்னால் வளரப்போகும் மார்பு முழுவதும் அந்தச் சிறு மொட்டிலிருந்துதான் வர வேண்டும். அதைச் சேதப்படுத்திவிட்டால் அந்தப் பக்கம் சரியாக வளராமலே போய்விடலாம். யார் அவசரப்படுத்தினாலும், இன்னொரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பதினைந்து வயதைத் தாண்டிய பெண்களின் கதை வேறு. அவர்களிடம் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி. வழுவழுப்பாக, ரப்பர் போல இருக்கும். விரலால் தள்ளினால் நழுவி ஓடும். பெரும்பாலும் 2, 3 செ.மீ. அளவு, வலி இருக்காது. அந்த வலியின்மைதான் பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது. "வலிக்காத கட்டிதான் கேன்சர்" என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் நின்றுவிடுகிறது. நடுவயதுப் பெண்களை மனதில் வைத்துச் சொன்ன எச்சரிக்கை அது. அதை அப்படியே பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது தவறு. 20 வயதுக்குக் கீழே மார்பகப் புற்றுநோய் என்பது ஆண்டுக்கு 10 லட்சம் பெண்களில் ஓரிருவருக்கு வந்தாலே அதிகம்.

அப்படியானால் டாக்டரே வேண்டாமா? வேண்டும். அபூர்வம் என்று தெரிந்த பிறகு காட்டாமலே விட்டுவிடுவதும் தவறுதான். புதிதாகத் தெரிந்த கட்டியை ஒருமுறை மருத்துவர் கையால் பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, சொல்லாமல் மறைக்கும் பெண்கள். வெட்கம், "அம்மா பயந்துவிடுவாள்" என்ற எண்ணம். இரவெல்லாம் போனில் தேடிப் படித்துவிட்டு, பெரிதாகியிருக்கிறதா என்று நாளுக்குப் பத்து தடவை அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்த அழுத்த அந்த இடம் நொந்து வலிக்கும், வலி வந்ததும் பயம் இரட்டிப்பாகும். சூடான எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும், காம்பைப் பிதுக்குவதும் இப்படித்தான். கட்டி கரையாது, புண்தான் ஆகும். மகள் வந்து சொல்லும்போது நீங்கள் முகம் வெளுத்து அழுதால், அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். "சரி, பார்ப்போம், இந்த வயதில் இது நிறைய பேருக்கு வரும்" என்று சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும். பிரா இறுக்கமாகப் போட்டாய், விளையாடும்போது இடித்துக்கொண்டாய் என்று அவள்மேல் பழி போடாதீர்கள். இரண்டுமே புற்றுநோயை வரவழைப்பதில்லை.

பீரியட்ஸ் வரும் நேரத்தில் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வருவதும் தவறு. அப்போது ஹார்மோன் மாற்றத்தால் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும், வலிக்கவும் செய்யும். பீரியட்ஸ் தொடங்கி ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பல முடிச்சுகள் காணாமல் போயிருக்கும்.

அப்புறம், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுங்கள் என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். இளம் மார்பகத்தின் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் தெளிவாகத் தெரியாது. தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், அதில் கதிர்வீச்சும் கிடையாது. ஃபைப்ரோஅடினோமா என்று தெரிந்தவுடன் ஆபரேஷனுக்கு ஓடவும் வேண்டாம். பல கட்டிகள் அப்படியே இருக்கும், சில தானாகவே சுருங்கும். சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, வேகமாக வளர்ந்தாலோ எடுக்க வேண்டியிருக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. கல் போலக் கெட்டியாக, அசையாமல் ஒட்டியிருக்கும் கட்டி, மேல்தோல் குழிவது, காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் கட்டி. தோல் சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருந்தால் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். சிறுவயதில் வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவள் என்றாலோ, குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகும்போது கட்டி எந்தப் பக்கம், எப்போது தெரிந்தது, கடைசி பீரியட்ஸ் தேதி ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். பெண் டாக்டர்தான் வேண்டுமா, பரிசோதிக்கும்போது நீங்கள் கூட இருக்கலாமா என்று கிளம்பும் முன்பே மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.