ஸ்கேல் 141 காட்டினால் 142 என்று படிக்காதீர்கள்: மவுண்டன் பைக்குக்கு மாற்று வீல் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாறையில் இடித்து ரிம் நெளிந்துபோகும், அல்லது வீலின் நடுவிலுள்ள ஹப்புக்குள் பேரிங் அரைக்கத் தொடங்கும். உடனே புது வீல் தேட ஆரம்பிப்பார்கள். முதல்முறை தேடுபவர்கள் சொல்லிவைத்தாற்போல அதே நாலைந்து இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அங்கேயே சறுக்கியவர்கள் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 29 இஞ்ச் வண்டிக்கு 26 இஞ்ச் வீல் வாங்காதீர்கள், டிஸ்க் பிரேக் வண்டிக்கு டிஸ்க் மாட்ட வசதியுள்ள ஹப் வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தெரிந்தவர்களே ஏமாறும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

பின் ஹப்பின் அகலம்

வீல் வாங்குபவர்கள் ரிம்மைத்தான் ஆராய்கிறார்கள். அகலம் என்ன, எடை என்ன, அலுமினியமா, கார்பனா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் அந்த வீல் உங்கள் வண்டியில் உட்காருமா என்பதை முடிவு செய்வது ஹப். அதிலும் அதிகச் செலவு வைப்பது பின் ஹப்பின் அகலம்.

பின்புறம் இன்று புழக்கத்தில் இருக்கும் முக்கிய அளவுகள் இவை: குவிக் ரிலீஸ் (லிவரால் இறுக்கும் மெல்லிய அச்சு) வண்டிகளில் 135 மி.மீ.; 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஃபிரேமின் ஒரு காலில் நுழைந்து மறுகாலின் மரையில் இறுகும் தடித்த அச்சு) வண்டிகளில் 142. பூஸ்ட் எனப்படும் 148. கடுமையான இறக்க வண்டிகளிலும் சூப்பர் பூஸ்ட் வண்டிகளிலும் 157. எண்களைத் தெரிந்துகொண்டு, ஸ்கேலை எடுத்து ஃபிரேமின் பின் கால்கள் இரண்டுக்கும் இடையே உள்ளளவு எடுக்கிறார்கள். ஸ்கேல் 141 காட்டுகிறது. “ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், இது 142தான்” என்று முடிவு கட்டி 142 வீலுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஃபிரேம் 142 அல்ல, 148.

காரணம் எளிமையானது. த்ரூ ஆக்ஸில் ஃபிரேமில் ஹப்பின் முனை வந்து உட்கார, இரண்டு பக்கமும் உட்புறமாக ஒரு பள்ளம் இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் 3.5 மி.மீ. ஆழம், இரண்டும் சேர்ந்து 7. ஸ்கேல் வைப்பவர்கள் பள்ளத்துக்குள் வைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள சமமான முகத்திலிருந்துதான் அளக்கிறார்கள். எனவே 142 ஃபிரேம் 135 என்று காட்டும், 148 ஃபிரேம் 141 என்று காட்டும், 157 ஃபிரேம் 150 என்று காட்டும். பள்ளம் இருந்தால் அளந்த எண்ணோடு 7 கூட்டவேண்டும். திறந்த வாயுள்ள குவிக் ரிலீஸ் ஃபிரேமில் மட்டும் அளந்ததே அளவு. அது பெரும்பாலும் 135 இருக்கும், சில வண்டிகளில் 141 இருக்கும்.

இதே குழப்பம் மறுபக்கமும் நடக்கும். த்ரூ ஆக்ஸில் ஃபிரேமில் 135 என்று அளந்துவிட்டு 135 குவிக் ரிலீஸ் வீல் வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்வார்கள். 135, 142 இரண்டிலும் ஸ்போக் மாட்டும் விளிம்பு, டிஸ்க், காஸெட் (பின் பல்சக்கரத் தொகுதி) எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. முனையில் வரும் எண்ட் கேப் மட்டுமே வேறு. ஹப் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு 142 எண்ட் கேப் விற்றால் மாற்றிக்கொள்ளலாம். 142-க்கும் 148-க்கும் இடையே அந்தச் சலுகை கிடையாது. பூஸ்டில் விளிம்புகளே இரு பக்கமும் 3 மி.மீ. வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன, டிஸ்க்கும் காஸெட்டும் அதோடு சேர்ந்து நகர்ந்திருக்கின்றன. பெரிய வீலின் ஸ்போக்குகள் அகலமாகக் கால் பரப்பி நின்றால் வீல் விறைப்பாக இருக்கும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது.

இந்தத் தவறு கடைசி நிமிடம் வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது, அதுதான் எரிச்சல். வழக்கமாக நடப்பது இது: வீல் வந்ததும் ரிம்மின் உட்புற ஓட்டைகளை மூடும் ரிம் டேப் ஒட்டி, டயர் ஏற்றி, பஞ்சரை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றி, காஸெட்டை முறுக்கி, டிஸ்க்கையும் மாட்டிவிடுகிறார்கள். பிறகு ஃபிரேமில் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஆக்ஸிலும் மறுபக்க மரையைப் பிடித்துக்கொள்கிறது. “பொருந்திவிட்டது” என்ற மகிழ்ச்சியோடு குனிந்து பார்த்தால், ஹப் முனைக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பக்கத்துக்கு 3 மி.மீ. வெளிச்சம் தெரிகிறது. ஆக்ஸிலை மேலும் முறுக்கினால் ஃபிரேமின் கால்கள் உள்நோக்கி வளைகின்றன. டிஸ்க், அதைப் பற்றும் பிரேக் கேலிப்பரின் நடுவில் இல்லாமல் உள்பக்கத்து பிரேக் பேடின் மேல் ஏறி நிற்கிறது. கேலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திப் பார்த்தாலும் அவ்வளவு தூரம் எட்டாது. சீலன்ட் ஊற்றிய வீலை விற்றவர் திரும்ப வாங்கமாட்டார்.

அடுத்து எல்லோரும் செய்யப்பார்ப்பது வாஷர் அடைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். பள்ளத்தில் உட்காராத தளர்வாஷர் ஓட்டத்தில் நகரும், ஆக்ஸிலின் இறுக்கம் போகும். பின் வீல் கால்களுக்கு நடுவே ஆடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் வேகமான இறக்கமாகத்தான் இருக்கும்.

142 ஹப்பை 148 ஃபிரேமில் மாட்டுவதற்கென்றே மாற்றுக் கிட் உண்டு. ஒரு வகையில் இரு பக்கமும் 3 மி.மீ. நீண்ட எண்ட் கேப். டிஸ்க்குக்கு அடியில் 3 மி.மீ. ஸ்பேசர், அதற்கேற்ப 3 மி.மீ. நீளமான ஆறு போல்ட். ரிம் நடுவிலேயே நிற்கும், ஆனால் காஸெட் 3 மி.மீ. உள்ளே தங்கிவிடும். இன்னொரு வகையில் கூடுதல் 6 மி.மீ. முழுவதையும் டிஸ்க் பக்கமே கொடுத்து, காஸெட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போது டிஸ்க்குக்கு 6 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், ஸ்போக்குகளை முறுக்கி ரிம்மை 3 மி.மீ. டிஸ்க் பக்கம் இழுத்து நடுவில் நிறுத்தவும் வேண்டும். இருக்கும் நல்ல வீலைப் புது ஃபிரேமுக்குக் காப்பாற்றிக்கொள்ள இது சரியான வழி. புதிதாக வாங்கும் வீலில் முதல் நாளே இந்த வேலையைச் செய்வது வீண். கழற்றித் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள்.

148 வீலை வாங்கி 142 ஃபிரேமுக்குள் திணிக்க நினைப்பவர்களுக்குக் கிட்டும் இல்லை. அலுமினியம், கார்பன் ஃபிரேம்களை 6 மி.மீ. விரித்து மாட்டக்கூடாது.

அளக்கும் முறை இதுதான். பழைய வீலைக் கழற்றி, வெர்னியரால் ஹப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளியளவு எடுங்கள். பள்ளத்தில் உட்காரும் மூக்கும் அளவில் சேரவேண்டும். பிறகு ஃபிரேமின் உள்ளளவு எடுத்து, பள்ளம் இருந்தால் 7 கூட்டுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவேண்டும். பழைய வண்டியை வாங்கியவர்கள் இரண்டையும் கட்டாயம் பாருங்கள், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே கிட் போட்டு ஓட்டியிருக்கலாம். ஆக்ஸிலின் மேல் பொறித்திருக்கும் 172, 180 போன்ற எண்களை ஹப் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஆக்ஸிலின் நீளம். ஆக்ஸில் உங்கள் ஃபிரேமோடு சேர்ந்தது. வீல் மாற்றும்போது அதை மாற்றத் தேவையில்லை.

முக்கியமாக, புது வீல் வந்ததும் எதையும் ஒட்டாமல், ஊற்றாமல், வெறும் வீலை ஃபிரேமில் மாட்டி ஆக்ஸிலை இறுக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

முன் ஹப்

முன்புறம் பள்ளக் கணக்கு குழப்பாது. 9×100 குவிக் ரிலீஸ், 15×100, 15×110 பூஸ்ட் இவைதான் பெரும்பாலும். பழைய இறக்க ஃபோர்க்குகளின் 20×110-ஐ மட்டும் பூஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். அகலம் ஒன்றே, டிஸ்க் நிற்கும் இடம் வேறு.

ராக்‌ஷாக்ஸ் நிறுவன ஃபோர்க் சிலவற்றில் ஹப் முனைக்கு 31 மி.மீ. விட்டமுள்ள பெரிய இருக்கை இருக்கும். அதில் வழக்கமான சிறு முனை ஹப்பும் வேலை செய்யும். ஆக்ஸில் நுழைக்கும்போது கையால் நடுப்படுத்தவேண்டும், அவ்வளவுதான். பெரிய முனை ஹப்பை மற்ற ஃபோர்க்கில் நுழைக்கவே முடியாது.

ஃப்ரீஹப்: கியர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வது

காஸெட் ஏறி உட்காரும் ஹப்பின் உருளைதான் ஃப்ரீஹப்; ஹெச்ஜி, எக்ஸ்டி, மைக்ரோ ஸ்ப்லைன் என அதில் வகைகள் உண்டு. “என் வண்டி 12 ஸ்பீடு, எனவே எக்ஸ்டி” என்பார்கள். தவறு. 11 பல்லில் தொடங்கும் 12 ஸ்பீடு காஸெட்டுகளும் உண்டு, ஸ்ராமின் என்எக்ஸ் ஈகிள் 11-50 அப்படிப்பட்டது. அது பழைய ஷிமானோ ஹெச்ஜி ஃப்ரீஹப்பில்தான் உட்காரும். கியரை எண்ணாதீர்கள், மிகச் சிறிய பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். 11 இருந்தால் பெரும்பாலும் ஹெச்ஜி. 10 இருந்தால் ஸ்ராம் வகைக்கு எக்ஸ்டி, ஷிமானோ 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்லைன். காஸெட்டைக் கழற்றினால் சந்தேகமே வராது: ஹெச்ஜியில் அகலமான 9 வரிகள், மைக்ரோ ஸ்ப்லைனில் மெல்லிய 23 வரிகள், எக்ஸ்டியில் மரை.

மலிவான 6, 7 ஸ்பீடு வண்டிகளில் இருப்பது காஸெட்டே அல்லாமல், ஹப்பில் மரையால் முறுக்கிய ஃப்ரீவீலாக இருக்கலாம். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிகள் கூடவே சுற்றினால் காஸெட், அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் வண்டிக்கு ஃப்ரீஹப் உள்ள வீல் வாங்கினால் காஸெட்டும் வாங்கவேண்டும். 8 ஸ்பீடு அளவு ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் 7 ஸ்பீடு காஸெட் போட 4.5 மி.மீ. ஸ்பேசர் தேவை.

ஹெச்ஜி அலுமினிய ஃப்ரீஹப்பில், தனித்தனி இரும்புச் சக்கரங்களாக வரும் காஸெட் போட்டால், சக்கரங்கள் வரிகளுக்குள் வெட்டி இறங்கிப் பிறகு கழற்ற வராது. அப்படிப்பட்ட காஸெட்டுக்கு இரும்பு ஃப்ரீஹப் நல்லது. கூடும் எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

டிஸ்க் மாட்டும் விதம்

ஆறு போல்ட்டால் இறுக்குவது, நடுவில் ஒரே லாக்ரிங்கால் இறுக்கும் சென்டர்லாக் என இரண்டு. சென்டர்லாக் ஹப்பில் அடாப்டர் வைத்து ஆறு போல்ட் டிஸ்க்கை மாட்டலாம். ஆறு போல்ட் ஹப்பில் சென்டர்லாக் டிஸ்க் மாட்ட உருப்படியான வழியில்லை. எனவே சந்தேகமிருந்தால் சென்டர்லாக் ஹப் எடுங்கள். லாக்ரிங் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். 15 மி.மீ. ஆக்ஸில் ஹப்புக்கு உட்பல் லாக்ரிங் ஒத்துவராது, வெளிப்பல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

அகலமான ரிம்தான் நல்லது என்ற நம்பிக்கை

உங்கள் டயருக்கு ஏற்ற ரிம் வேண்டும். பார்க்கவேண்டியது உள்ளகலம், வெளியகலம் அல்ல. 2.2 முதல் 2.4 இஞ்ச் வரையான டயருக்கு சுமார் 25 மி.மீ., 2.3 முதல் 2.6 வரை 30, அதற்கு மேல் 35 என்பது நம்பிப் போகக்கூடிய கணக்கு. 35 மி.மீ. ரிம்மில் 2.25 டயரை மாட்டினால் டயரின் தலை தட்டையாகி, ஓரக் கட்டைகள் மேலே தூக்கிக்கொள்ளும். பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கற்களில் கிழியும். 19 மி.மீ. பழைய ரிம்மில் 2.6 டயர் போட்டால் பலூன் மாதிரி நிற்கும், காற்றைக் குறைத்து வளைவில் சாய்த்தால் புரளும்.

ரிம்மின் உள்ளகலம் 5 மி.மீ. கூடினால் அதே டயர் சுமார் 2 மி.மீ. பருக்கும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே பக்கத்துக்கு 6 மி.மீ.யாவது இடம் மிச்சம் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். சேறு ஒட்டிய டயர் அந்த இடத்தைத்தான் தின்னும்.

விட்டம்

டயர் ஓரத்தில் 57-622 என்பது போல இருக்கும். இரண்டாவது எண்தான் ரிம்: 26 இஞ்சுக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622.

எடை குறைந்த வீல்

கனமானவர்கள், பை சுமப்பவர்கள், குதித்து இறங்குபவர்கள் 28 ஸ்போக்கில் மிச்சமாகும் சில கிராமுக்கு ஆசைப்படவேண்டாம். 32 ஸ்போக், வளைந்த தலை, பித்தளை நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) கேளுங்கள். அலுமினிய நிப்பிள் ஈரத்திலும் சீலன்ட்டிலும் அரித்து, கோட்டம் எடுக்கத் திருகும்போது உடைந்து கையோடு வரும். வீலுக்கான எடை வரம்பில் ஓட்டுபவர் மட்டுமா, வண்டியும் சேர்த்தா என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள்.

ஃப்ரீஹப்பின் ‘டிக் டிக்’ சத்தம்

மிதித்ததும் ஃப்ரீஹப் ஹப்பைப் பற்றிக்கொள்ளும் பிடிகள்தான் அப்படி ஒலிக்கின்றன. 36 பிடிகள் உள்ள ஹப் 10 டிகிரிக்குள் பிடிக்கும், 54 உள்ளது 6.7 டிகிரிக்குள். செங்குத்தான கல் ஏற்றங்களில் மட்டுமே வித்தியாசம் தெரியும். பிடிகள் கூடிய ஹப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில், 6902, 6903 போன்ற எங்கும் கிடைக்கும் பேரிங் எண்கள் கொண்ட ஹப்பை எடுங்கள். அரைக்கத் தொடங்கினால் பேரிங்கை மட்டும் மாற்றலாம்.

பழைய ரிம் டேப்

பிரித்ததைத் திரும்ப ஒட்டாதீர்கள்.

மாட்டிய பிறகு

பழைய டிஸ்க்கையே புது ஹப்பில் மாட்டினாலும் ஒரு இம்மி தள்ளி நிற்கும். கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மாறி மாறி இறுக்குங்கள். செயின் இரு பக்கமும் எதுவரை நகரலாம் என்று நிறுத்தும் கியரின் இரு எல்லைத் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். காஸெட் சற்று இடம் மாறியிருந்தால் செயின் ஸ்போக்குக்குள் விழும், புது வீலின் ஸ்போக்கை முதல் நாளே அறுக்கும்.

முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் ஸ்போக்குகள் அமர்ந்து தளரும். ஒரே பக்கத்து ஸ்போக்குகளை விரலால் சுண்டி ஒலியை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் கோட்டம் எடுப்பவரிடம் கொண்டுபோங்கள். அப்போதே ஸ்போக்குகளின் நான்கு நீளத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். நான்கும் வேறாக இருக்கலாம். நீளத்துக்கு இரண்டு உதிரி ஸ்போக் வாங்கி, ஒவ்வொரு கட்டிலும் அளவை டேப்பில் எழுதி ஒட்டி, சைக்கிள் பையில் போட்டுவையுங்கள்.