பார்ட்டிசிபிள் குழப்புதா? நம்ம எச்சத்த வச்சு புடிங்க

பார்ட்டிசிபிள்னா பாதி வெர்ப் பாதி அட்ஜெக்டிவ்னு ஸ்கூல்ல ஒரே வரில சொல்லிட்டு அடுத்த பாடத்துக்கு போயிட்டாங்க, எனக்கு சத்தியமா ஒண்ணும் விளங்கல. ரொம்ப நாள் கழிச்சுதான் அட இது நம்ம பெயரெச்சமும் வினையெச்சமும் மாதிரில்லனு பொறி தட்டுச்சு.

மொதல்ல இத பாருங்க. சாப்பிட்ட பையன், சாப்பிட்ட இட்லி. ரெண்டுக்கும் அதே 'சாப்பிட்ட'ங்கிற பெயரெச்சம்தான், யாரு சாப்பிட்டா எது வயித்துக்குள்ள போச்சுன்னு நமக்கு தானா புரிஞ்சிரும். இங்கிலீஷ்ல அந்த வசதி கிடையாது, பிரிச்சு சொல்லியே ஆகணும். செய்யுற ஆளுன்னா ஐஎன்ஜி, செயலுக்கு ஆளானதுன்னா பெரும்பாலும் ஈடி இல்லன்னா ஈஎன். த பாய் ஈட்டிங் த இட்லி, த இட்லி ஈட்டன் பை த பாய். கிளாஸ் போரிங், அதுல மாட்டுன நீங்க போர்ட். ஐ ஆம் போரிங்னு சொன்னீங்கன்னா நான் ஒரு அறுவைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஃபாலன் லீவ்ஸ் மாதிரி சிலது இதுல அடங்காது, இலைய யாரும் தள்ளிவிடல, தானா விழுந்துச்சு, அங்க 'முடிஞ்சு போச்சு'ங்கிற அர்த்தம் மட்டும்தான்.

எங்க வைக்கிறதுங்கிறதுலயும் சறுக்குவோம். ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணுன்னு நாம எவ்ளோ நீளமானாலும் முன்னாடியே அடுக்கிருவோம். அவங்க ஒத்த வார்த்தைன்னா பெரும்பாலும் முன்னாடி வைப்பாங்க, புரோக்கன் கிளாஸ், கூட நாலு வார்த்தை ஒட்டிக்கிச்சுன்னா பின்னாடி தள்ளிருவாங்க, த கேர்ள் சிட்டிங் நியர் த விண்டோ.

ஐஎன்ஜி வந்தா எல்லாமே பார்ட்டிசிபிள்னும் நினைக்காதீங்க. ஸ்லீப்பிங் பேபி தூங்குற குழந்தை, சரி, ஸ்லீப்பிங் பேக் தூங்குமா? அது தூங்குறதுக்கான பை, அந்த ஸ்லீப்பிங் ஜெரண்டு, நம்ம தொழிற்பெயர் மாதிரி.

ஐ ஹேவ் ஈட்டன்ல வர்ற ஈட்டனும் பார்ட்டிசிபிள்தான். நாமளும் 'சாப்பிட்டு'ங்கிற வினையெச்சத்தோட 'இரு'வ ஒட்டித்தான சாப்பிட்டிருக்கேன்னு சொல்றோம்.

நெறைய பேரு மாட்டுற இடம் இதுதான்: வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், த ரெயின் ஸ்டார்ட்டட். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரு நடந்தா, மழையா? தமிழ்ல 'பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய் மழை ஆரம்பிச்சுது'ன்னு சொல்லி பாருங்க, காதே இடிக்கும். 'நடந்து போறப்ப'ன்னு மாத்துவீங்கல்ல, அதே மாதிரி அங்கயும் வைல் ஐ வாஸ் வாக்கிங்னு மாத்திருங்க, இல்லன்னா கமாவுக்கு அப்புறம் ஐ வந்து நிக்கட்டும், ஐ காட் காட் (got caught) இன் த ரெயின்.