கர்ப்பிணி குடிக்கிறாள் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டார் செய்ய வேண்டியது

"இன்னைக்கே விட்டுடு" என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வரும். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் மது திடீரென்று நின்றால் 6 மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம். ஹெராயின் எடுப்பவள் சட்டென்று நிறுத்தினால் கரு கலையலாம், குறைமாதத்தில் வலி எடுக்கலாம். விடத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் கண் முன்னால். அவளைக் கிளினிக் வரை கொண்டு சேர்ப்பதும், அங்கே போவது நின்றுவிடாமல் பார்ப்பதும் உங்கள் வேலை.

புருஷன் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போன நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். நம் மலேசியத் தோட்டங்களில் பல லயத்து வீடுகளில் ஊற்றிக் கொடுப்பவனே அவன்தான். மாமியார் முன்னாலும் வேண்டாம். "குடிக்கிறியா?" என்று கேட்டால் "இல்லக்கா" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்பம்மா குடிச்சே? காலையில எழுந்ததும் கை நடுங்குதா? ஒரு வாய் ஊத்துனா அடங்குதா?" என்று கேளுங்கள். அடங்குகிறது என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். வலிப்பு, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, நிற்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்த மறுநாள் கண் மங்கினாலும் அப்படியே. அது மெத்தனால் என்ற விஷச் சாராயமாக இருக்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பல உயிர்களைக் குடித்தது அதுதான்.

"கொஞ்சம்தான்" என்ற சொல்லை வைத்து டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அளவு வேண்டும். அவள் குடிக்கும் அதே கிளாஸில், வழக்கமாக ஊற்றும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அதைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் போத்தலில் ஊற்றினால் மில்லி தெரிந்துவிடும். 30 சதவீத சம்சு 150 மில்லியில் சுமார் 35 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று பீர் கேனுக்குச் சமம். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சியாபு (ஐஸ் என்ற போதைப்பொருள்), கெத்தும் தண்ணி (போதை தரும் கெத்தும் இலையைக் காய்ச்சியது), இருமல் மருந்து, சிகரெட் எல்லாம் அதே தாளில் வரட்டும். கெத்தும் வெறும் இலைதானே என்று விட்டுவிடாதீர்கள். தாய் தினமும் குடித்தால் பிறந்த பிள்ளையும் அதற்குத் தவிக்கலாம்.

அந்தத் தாளோடு அரசாங்கக் கிளினிக்கில் தாய்-சேய்ப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்ப செக்கப் பதியும் பிங்க் புத்தகம் இன்னும் போடவில்லை என்றால் எத்தனை மாதமானாலும் போடலாம். வரிசையில் எல்லார் காதிலும் விழச் சொல்லாமல், மிஸ்ஸியிடம் (நர்ஸ்) "தனியா ரெண்டு நிமிஷம்" என்று கேளுங்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் இவர்களைப் பிரசவ வலி வரும்வரை ஒளிய வைக்கிறது. அப்படி நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்யாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. தானாக வந்து, தவணை தவறாமல் செக்கப் செய்யும் தாய் என்று புத்தகத்தில் பதிவாவது அவளுக்குத்தான் பலம் என்று சொல்லுங்கள். கூட்டிப்போக ஆளில்லை, வீட்டில் அடி விழுகிறது என்றால் 15999, தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் இருக்கிறது.

ஹெராயினுக்கு டாக்டர் மெத்தடோன் எழுதலாம், ஹெராயினுக்குப் பதிலாக அளவோடு குடிக்கும் மருந்து அது. கர்ப்பிணிக்கு அது ஏற்ற மருந்து. தினமும் மருந்தக ஊழியர் முன்னால் குடிக்க வேண்டும் என்பதால் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவளுக்கு நேரம் இடிக்கும். தவணை நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். வேலை பார்க்கவைக்கும் தண்டலிடம் "கிளினிக்" என்று மட்டும் சொல்லி நேரம் வாங்கினால் போதும், மருந்தின் பெயர் அவருக்கு வேண்டாம். குடித்தவுடன் வாந்தி எடுத்தால் உடனே கவுண்டரில் சொல்ல வேண்டும். மூன்று நாள் விட்டுப்போனால் பழைய அளவு ஆபத்து, டாக்டர் மறுபடி பார்த்துத்தான் கொடுப்பார். ஏழாம் மாதத்துக்கு மேல் சாயங்காலமானால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை வரலாம். "இன்னும் கேட்கிறாள், பேராசை" என்று திட்டுவார்கள். அவள் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைக்கிறது, அவ்வளவுதான். அளவைக் கூட்டவோ இரண்டு வேளையாகப் பிரிக்கவோ டாக்டரிடம் கேளுங்கள்.

28ஆம் வாரத்துக்குள், ராத்திரியிலும் வண்டி எடுக்கக்கூடிய இரண்டு பேரைப் பேசி வையுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி தூரமாக இருக்கலாம்: பேராக்கில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், தோட்டத்துச் செம்மண் பாதை அதில் சேராது.

பிறந்ததும் "நல்லாத்தானே இருக்கு" என்று மறுநாளே ஆஸ்பத்திரியில் பேர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். ஹெராயின் என்றால் பிள்ளைக்கு ஒரு நாளிலேயே தெரியும், மெத்தடோன் என்றால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், சிலசமயம் ஒரு வாரம்கூட ஆகும். கீச்சென்ற அழுகை, நடுக்கம், ஓயாத தும்மல், பால் குடிக்க முடியாமை, இவைதான் அடையாளம். வெளிச்சத்தைக் குறைத்து, துணியில் சுற்றி, மார்போடு அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். மெத்தடோனில் நிலையாக இருந்து, எச்ஐவி இல்லாமல், வேறு போதை எடுக்காத தாய் தாய்ப்பாலே கொடுக்கலாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்தில் ஊற்றும் பிராந்தி இந்த வீட்டில் வேண்டவே வேண்டாம். ஒன்பது மாதம் பல்லைக் கடித்து நின்றவள் அந்த ஒரு அவுன்சில் விழுந்துவிடுவாள். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. பூண்டு, மிளகு ரசம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இருக்கிறதே. அப்படியும் ஒரு நாள் குடித்துவிட்டால் கத்தாமல் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பீர் கேன் பாலிலிருந்து இறங்க இரண்டரை மணி நேரமாவது ஆகும், பீய்ச்சிக் கொட்டினால் சீக்கிரம் இறங்காது. அன்றைக்குப் பிள்ளை அவளோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. மறுநாள் காலையில் கிளினிக்குக் கூடவே போங்கள்.