திருகோணமலையில் ஒரு நாள் கல்விச் சுற்றுலா: திட்டமிடுவதும் செய்தியாக எழுதுவதும்

திருகோணமலைப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடன் கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று தூர இடங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. விடியுமுன் பாடசாலை வாசலில் கூடி, ஏழெட்டு இடங்களில் இறங்கி ஏறி, நள்ளிரவில் களைத்துத் திரும்பி, பின்னர் அறிவித்தற் பலகையில் "சுற்றுலா இனிதே நிறைவுற்றது" என்று ஒரு தாளை ஒட்டுவதோடு அந்த வேலை முடிந்துபோகிறது. அதே மாணவர்களிற் பலர், இரண்டாம் உலகப் போரில் இறந்த படைவீரர்களுக்காக உப்புவெளியில் அமைந்த போர்க் கல்லறையின் படலையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தரம் 8 முதல் 11 வரையுள்ள மாணவர்களை மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பகற்பொழுதில் அழைத்துச் சென்று, அந்தப் பயணத்தைப் படிக்கத்தக்க பாடசாலைச் செய்தியாகவும் எழுத விரும்பும் ஆசிரியர்களுக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

முதலில் தெரிவு செய்யவேண்டியது கேள்வியை. இடம் அதற்குப் பின்னரே வரவேண்டும். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதும், அதற்கு விடை தேட இரண்டு அல்லது மூன்று இடங்கள் போதும். எடுத்துக்காட்டாக, "இந்தத் துறைமுகத்துக்காக இத்தனை நாட்டவர் ஏன் போரிட்டார்கள்?" என்று வரலாற்று வகுப்பில் கேட்டுவிட்டால், பிரெட்ரிக் கோட்டையும் அதனுள் அமைந்த கோணேசர் மலையும் உப்புவெளிக் கல்லறையும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. இந்த ஆண்டுகளைப் பாடப் புத்தகத்தில் மனனம் செய்யும் மாணவருக்கும், கோயில் முற்றத்தில் நின்று ஒரு பக்கம் திறந்த கடலையும் மறுபக்கம் நிலத்தால் சூழப்பட்ட உள்துறைமுகத்தின் திசையையும் பார்த்துத் தன் கையால் வரைபடம் கீறும் மாணவருக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு.

கேள்வி முடிவானதும் நாளைத் தெரிவு செய்யவேண்டும். வாடைக்காற்று வீசத் தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும் என்பதால் அம்மாதங்களை விட்டுவிடுவதே நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நண்பகல் வெயில் பெரியவர்களையே சாய்த்துவிடும். ஆகவே வெளியில் நின்று செய்யவேண்டிய வேலைகளைக் காலை பத்தரை மணிக்குள் முடித்து, மதியத்தை மர நிழலிலோ மண்டபத்திலோ கழிக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். போயா தினத்தில் எங்கும் சனக்கூட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமையானால் முஸ்லிம் மாணவர்களின் ஜும்ஆ தொழுகை இடையில் வரும். கோயிலிலும் அன்று நெரிசல் கூடும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களே வசதியானவை.

அனுமதிக் கடிதங்கள் சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்கவேண்டும். அதிபரின் ஒப்புதல், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் ஆகிய மூன்றும் கைக்கு வருமுன் பணம் வசூலிக்க வேண்டாம். சம்மதக் கடிதத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது பயன் தரும்: பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்ற எதுவும் உண்டா, பிள்ளையின் படத்தைப் பாடசாலைச் செய்தியில் வெளியிடச் சம்மதமா என்பன அவை. இரண்டாவது கேள்வியைப் பயணம் முடிந்த பின் கேட்கலாம் என்று விட்டுவைத்தால், செய்தி வெளியாகும் நாளில் தொலைபேசியும் கையுமாக அலையவேண்டி வரும். பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பழைய மாணவர் சங்கத்திடமோ உதவி கேட்கலாம். அந்தப் பெயர்கள் வகுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

பேருந்தை ஒழுங்கு செய்யும்போது விலையை மட்டும் பேசாமல், வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளையும் கேட்டு வாங்குங்கள். பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது என் கணக்கு. மாணவிகள் வருவார்களாயின் ஆசிரியை ஒருவரேனும் கட்டாயம் இருக்கவேண்டும். இடாப்பைப் பேருந்தில் ஏறும்போது மட்டுமன்றி ஒவ்வோர் இடத்திலிருந்தும் புறப்படும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குறிக்கவேண்டும். தலைகளை எண்ணுவது போதாது, ஏனெனில் எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே ஒருவர் மாறி வேறு வகுப்பின் பேருந்தில் ஏறியிருப்பார். சுவசெரிய நோயாளர் காவுவண்டிச் சேவையின் 1990, பொலிஸாரின் 119 ஆகிய இலக்கங்களை ஒவ்வொரு குழுத் தலைவரின் குறிப்பேட்டிலும் முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஐந்து மணிக்குக் கட்டிய சோற்றுப் பொதியில் தேங்காய்ப்பால் சேர்த்த கறி இருந்தால், வெயிலில் நின்ற பேருந்துக்குள் அது மதியத்துக்குள் புளித்துவிடும். புளிச்சோறு, பருப்புப் பிரட்டல், கிழங்குப் பொரியல் போன்றவை தாக்குப்பிடிக்கும். கோயிலுக்கும் செல்வதால் மரக்கறியாகவே இருப்பது எல்லோருக்கும் வசதி. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை. பொதி சுற்றிய பொலித்தீனை வீசினால் அதையும் தின்றுவிடும். ஆகையால் கோட்டைக்குள் எவரும் பொதியை அவிழ்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே விதியாக்கிவிட வேண்டும்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும். படம் எடுக்கக் கூடாத பகுதிகளை மாணவருக்கு முன்னரே சொல்லிவையுங்கள். வாசற் கல்லில் செதுக்கப்பட்டுள்ள இரட்டைக் கயல் சின்னத்தையும் பக்கத்திலுள்ள தமிழ் எழுத்துகளையும் பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்து போகிறார்கள். முதற் குறிப்பை அங்கேயே எழுதவைக்கலாம். மேலே சென்றால் இராவணன் வெட்டுக்கு அருகில் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே கைப்பிடிக் கம்பியருகில் ஓர் ஆசிரியர் நிற்காமல் மாணவரை விடக்கூடாது. கோயிலுக்குள் செல்ல விரும்பாத பிற சமய மாணவர்கள் இருப்பார்களாயின், அவர்களை ஒதுக்கிவைத்தது போல வெளியில் நிறுத்தாமல், கோட்டை மதிலை அளந்து வரையும் வேலையை இன்னோர் ஆசிரியருடன் கொடுப்பது முறையாகும்.

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமுள்ள போர்க் கல்லறையில் கற்களே பாடப் புத்தகம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியன இருக்கும். பலவற்றில் வயதும் இருக்கும். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள் 1942 ஏப்ரல் 9. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அந்தத் திகதியைக் கொண்ட கற்களைத் தேடச் சொல்லி, இறந்தவர்களின் வயதைப் பட்டியலாக எழுதவைத்தால், உயர்தர வகுப்பிலுள்ள தங்கள் அண்ணன்மாரைவிட ஓரிரு வயதே மூத்தவர்கள் அங்கே கிடப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இதற்கு ஆசிரியரின் விளக்கவுரை தேவையில்லை. ஒலிபெருக்கியும் தேவையில்லை.

விஞ்ஞானத்தையும் புவியியலையும் சேர்த்து ஒரு நாள் வேண்டுமென்றால் கன்னியாவுக்கு இணையான இடம் இல்லை. நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில், ஒன்றோடொன்று நெருங்கிய ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் அங்கு உள்ளன. எரிமலை இல்லாத நாட்டில் நீர் எப்படிச் சூடாகிறது என்பதே கேள்வி. நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் மழைநீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறிப் பாறைப் பிளவுகளின் வழியே மேலே வருகிறது என்ற விடையைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் அளக்கவிடுங்கள். இங்கே கருவி விடயத்தில் கவனம் வேண்டும். வீட்டிலுள்ள காய்ச்சல் வெப்பமானியைக் கொண்டுவந்தால், இரச நிரல் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும், உதறினால்தான் இறங்கும். ஆகவே சூடு கூடிய கிணற்றுக்குப் பின் சூடு குறைந்த கிணற்றில் வைத்தால் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். ஆய்வுகூட மதுசார வெப்பமானியைச் சணல் நூலில் கட்டி இறக்கலாம். ஆனால் அதை நீருக்கு வெளியே தூக்கிக் கண்ணருகில் கொண்டுவருவதற்குள் அளவு இறங்கிவிடும். வாளியில் நீரை மொண்டு ஊற்றி வாளியைச் சூடாக்கிக்கொண்டு, இரண்டாம் முறை மொண்ட நீரில் குமிழை வைத்தபடியே வாசிப்பதுதான் சரியான முறை. ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று வாசிப்புகள் எடுத்துச் சராசரி காணவேண்டும். கன்னியாவில் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளுக்காக வரும் குடும்பங்கள் இருப்பார்கள். அவர்கள் நீராடும் வேளையில் மாணவர் கருவிகளோடு நெருங்காமல் காத்திருக்க வேண்டும்.

கன்னியா செல்லும் நாளில் நேரம் மிஞ்சினால் பெரியகுளம் பக்கத்திலுள்ள வெல்கம் விகாரையையும் சேர்க்கலாம். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அந்தப் பௌத்தப் பள்ளிக்கு வழங்கப்பட்ட கொடைகள் தமிழ்க் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. பௌத்தத்தையும் தமிழையும் வேறு வேறு பெட்டிகளில் வைத்துப் படித்த மாணவருக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி. எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கல்லில் வெண்கட்டி பூசுவதோ நீர் ஊற்றுவதோ கூடாது. காலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமாகவே தெரியும்.

புறாத்தீவைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகில் செல்லவேண்டும். முழு வகுப்பையும் கொண்டுசெல்வதற்கு அது ஏற்ற இடமன்று என்பதே என் கருத்து. சுற்றாடற் கழகத்தைச் சேர்ந்த, நீந்தத் தெரிந்த ஒரு சிறு குழுவை, அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும், கடல் அமைதியான காலத்தில் அழைத்துச் செல்லலாம். பவளப்பாறையில் கால் பட்டால் அதில் வாழும் உயிர்கள் நசியும் என்பதைக் கரையிலேயே சொல்லிவிட வேண்டும். புல்மோட்டைக் கனிய மணலும் சிறந்த தெரிவுதான். ஆனால் தொழிற்சாலைக்குள் செல்ல முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெறவேண்டும், பயணமும் நீண்டது.

இனிச் செய்தி. பாடசாலைச் செய்திகளில் அதிபர் தலைமை வகித்ததும் விருந்தினர் மாலை சூடியதும் ஆசிரியர்கள் உடனிருந்ததும் முதல் மூன்று வாக்கியங்களைத் தின்றுவிடுகின்றன. மாணவர் நான்காவது வாக்கியத்தில்தான் வந்து சேருகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். "கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒரே சூட்டில் இல்லை என்பதைத் தரம் 9 மாணவர்கள் தாங்களே அளந்து கண்டனர்" என்று தொடங்கி, எந்த நாள், எத்தனை பேர், எப்படி அளந்தனர் என்பவற்றை அடுத்து எழுதி, அனுமதி தந்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் நன்றியைக் கடைசிப் பந்தியில் வைத்தால் எவருடைய மரியாதையும் குறையாது. எழுதும் பொறுப்பை இரண்டு மாணவரிடம் கொடுத்து, அவர்களைப் பயணத்தன்று வேறு வேலையிலிருந்து விடுவித்து, திரும்பிய மறுநாளே முதல் வரைவை வாங்கிவிட வேண்டும். ஒரு கிழமை போனால் எல்லாப் பயணமும் "மறக்கமுடியாத அனுபவம்" ஆகிவிடும்.

படத்திலும் அதே கதைதான். பேருந்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் படம் பெற்றோருக்காக ஒன்று இருக்கட்டும். செய்திக்கு வாளிக்குள் குனிந்து அளவை வாசிக்கும் மாணவியின் படமே பொருத்தம். பெயர்களை இடமிருந்து வலமாக, தலைப்பெழுத்தோடு, இடாப்பைப் பார்த்துச் சரிபிழை திருத்துங்கள். முகவரி, தொலைபேசி இலக்கம், மருத்துவ விவரம் எதுவும் செய்தியில் வரக்கூடாது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, தமிழ்மொழித் தினப் போட்டி ஆகியவற்றின் முடிவுகளை எழுதும்போதும் இதே ஒழுங்கு பொருந்தும்: நிகழ்ச்சி, வயதுப் பிரிவு, பெற்ற இடம், அது கோட்ட மட்டமா வலய மட்டமா மாகாண மட்டமா என்பன நான்கும் இருக்கவேண்டும். "வெற்றிவாகை சூடினர்" என்று மட்டும் எழுதினால், வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் பழைய மாணவருக்கு எதுவும் விளங்காது.

செய்தி வெளியான பின், அதன் ஒரு பிரதியோடு அனுமதிக் கடிதங்கள், செலவுக் கணக்கு, ஒவ்வோர் இடத்திலும் உண்மையில் செலவான நேரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் இட்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஆசிரியர் கடிதங்களை மறுபடி புதிதாக எழுதவேண்டியிராது.